எட்டரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஒரு குதிகால்

தெரபி மிஸ் அன்றைக்கு ஒன்றுமே செய்யவில்லை. அதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது.

திருவொற்றியூரில், முன்பு கல்யாண மண்டபமாக இருந்த ஒரு கட்டடத்தின் மாடியில் அந்தச் சிகிச்சை மையம். நீலப் பாயில் அக்கா மகள் படுத்திருந்தாள். அப்போது அவளுக்கு ஐந்தே முக்கால் வயது. பிறந்தபோது மூச்சு எடுக்கத் தாமதமானதில் வந்த பெருமூளை வாதம். மருத்துவமனைச் சீட்டில் 'சி.பி.' என்று இரண்டே எழுத்தில் முடித்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம் வேறு: இரண்டு கால்களும் கத்தரிக்கோல் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறுகும்; குதிகால் தரையில் படாது; கால்விரல்கள் எதையோ கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பது போல உள்ளே மடிந்திருக்கும். மற்றபடி அவளுக்கு எல்லாம் புரியும். பேச்சு மட்டும் நின்று நின்று வரும். வந்தால் சுருக்கென்று வரும்.

மிஸ் பாய் ஓரத்தில் உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துக்கொண்டார். கும்பிடப் போகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு ஒரு கையை அவள் பாதத்துக்கு அடியிலும் இன்னொன்றைக் கெண்டைக்கால் மேலும் வைத்தார். வைத்தார், அவ்வளவுதான். இழுக்கவில்லை, மடக்கவில்லை, எண்ணவும் இல்லை.

அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னா மிஸ்சு, சும்மா கைய வச்சிகினு குந்திகினு கீறீங்கோ? எக்சைஸ் குடுக்கலையா?"

"பொறுங்கம்மா. முதல்ல அவ கால் என் கைய ஏத்துக்கட்டும்."

சுண்டுவிரல்தான் முதலில் அசைந்தது. பிறகு பக்கத்து விரல். கத்தரிக்கோல் மெதுவாகத் திறந்தது. தொட்டால் சுருங்கும் செடியை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தொட்டதும் விரிகிற ஒன்றை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஐந்தாறு நிமிடம் ஆகியிருக்கும். மிஸ் வெள்ளை ஸ்பிளிண்ட்டை எடுத்து அந்தக் காலில் செருகினார். குதிகால் போய் அடியில் 'டொக்'கென்று உட்கார்ந்தது. வீட்டில் இதே காரியத்துக்கு அக்காவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூன்று பேரும் அழுது முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும்.

'இதை வீட்டிலேயே நாம் செய்யலாமே!' அந்த யோசனை என் தலையில் விழுந்தது அந்த 'டொக்'கில்தான்.

ஸ்பிளிண்ட் என்பது முழங்காலுக்குக் கீழே பாதம் வரை பொருந்தும் பிளாஸ்டிக் உறை. அவள் காலை அளவெடுத்து வார்த்தது. அதைப் போட்டால் குதிகால் இறங்கும், முதுகு நிமிரும், பட்டி வைத்த நாற்காலியில் மூன்று நான்கு மணி நேரம் நேராக உட்காருவாள். போடாவிட்டால் கால் இழுத்து, உடம்பு நழுவி, நாற்காலிக்கு அடியில் போய்விடுவாள். ஜூனில் அவள் ஒன்றாம் வகுப்பு சேர வேண்டும். பள்ளிக்கூடத்து டீச்சர் நல்லவர். ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "தாராளமாக் கூட்டிட்டு வாங்க. அந்த ஷூ மட்டும் போட்டுக் கூட்டிட்டு வாங்க. நாப்பது பிள்ளைங்களுக்கு நடுவுல நான் இவள ஒரு கையால புடிச்சிட்டே பாடம் நடத்த முடியாதும்மா."

கேட்க எளிமையாக இருக்கிறதா? எங்கள் வீட்டுக் காலையைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. அக்காவுக்குக் காசிமேட்டில் வேலை. விடியுமுன் கிளம்பி, ஏலத்தில் மீன் எடுத்து, தரம் பிரித்து, பெட்டிகளில் ஐஸ் போட்டு அடுக்கி, ஓட்டல்களுக்குப் போகும் வண்டியில் ஏற்றிவிட்டு, ஷேர் ஆட்டோவில் ராயபுரம் வந்து சேர எட்டரை. பள்ளிக்கூடம் ஒன்பதுக்கு. மாமா, அதாவது அக்காவின் கணவர், விசைப்படகில் போனால் பத்து நாள் கழித்துத்தான் கரை. நான் எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ். நான் போகும்முன் போட்டுவிடலாம்தான். ஆனால் அதிக நேரம் போட்டால் தோல் சிவந்து புண்ணாகும், ஒன்பதிலிருந்து ஒரு மணி வரைதான் என்று மிஸ் கறாராகச் சொல்லியிருந்தார். அதுவரை அவளைப் பார்த்துக்கொள்ளும் எதிர் வீட்டு அக்காவுக்கு அந்தக் காலைத் தொடவே பயம். ஆக, எட்டரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில், அக்காவின் கையால், அந்தக் குதிகால் உள்ளே போய் உட்கார வேண்டும். இல்லையென்றால் அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

மிஸ்ஸிடம் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். சனிக்கிழமைகளில் வரச் சொன்னார். முதல் நாளே ஒரு கோடு போட்டுவிட்டார்.

"இது மருந்து இல்லம்மா. காலச் சரி பண்ணிடாது. பயிற்சிய விடக் கூடாது, டாக்டர் ரிவ்யூவ விடக் கூடாது. கொஞ்ச நேரம் இறுக்கம் தளரும், அதுக்குள்ள ஸ்பிளிண்ட்டப் போட்டுக்கலாம். இதுகிட்ட அவ்ளோதான் கேக்கணும்."

நான் அதைவிடக் கூடுதலாகத்தான் கேட்டேன். ஒன்று பிடித்துவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நோட்டுப் புத்தகம் வாங்கினேன். பாதத்தை ஏந்துவது, குதிகாலிலிருந்து மேல்நோக்கித் தடவுவது, விரல்களை அடியிலிருந்து பிரிப்பது, இடுப்பை மெல்ல உருட்டுவது என்று படம் போட்டு, அம்புக்குறி போட்டு எழுதினேன். பஸ்ஸில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். தலையை இரு கையால் ஏந்திச் செய்யும் ஒரு முறையைப் பற்றி மிஸ்ஸிடம் கேட்டேன்.

"செய்யறவங்க இருக்காங்க. பிள்ளைக்கு சுகமா இருந்தா நல்லதுதான். ஆனா நீ வீடியோவப் பாத்துட்டு அவ கழுத்துல கை வைக்காத."

அடித்துவிட்டேன், அந்தப் பக்கத்தை.

அக்கா எதையும் எழுதவில்லை. மூன்றாம் சனிக்கிழமை, கெண்டைத் தசை எந்த இடத்தில் 'பிடிக்கிறது' என்று கண்டுபிடிக்கச் சொன்னார் மிஸ். பாதத்தை மெல்ல மேலே கொண்டுபோகும்போது ஓரிடத்தில் தசை சட்டென்று மறிக்கும். அந்த இடத்துக்குச் சற்று முன்னால் நின்று காத்திருக்க வேண்டும். நான் நான்கு முறை முயன்று நான்கு வேறு இடங்களைக் காட்டினேன். அக்கா ஒரே முறை. கண்ணைக்கூட மூடிக்கொண்டாள்.

"தோ, இங்க மிஸ்சு. உள்ள நண்டு கவ்வுனா மாதிரி கப்புன்னு நிக்கிது."

மிஸ் தொட்டுப் பார்த்தார். "அதேதான்! எப்படிம்மா?"

"இன்னா மிஸ்சு, தெனம் வஞ்சிரத்த அமுக்கிப் பாக்கற கையி. எது நேத்து மீனு, எது இன்னிக்கி மீனுன்னு பாக்காமயே சொல்லுவேன். எம் பொண்ணு காலு தெரியாதா எனக்கு?"

பாயிலிருந்து குரல் வந்தது. "நான்... மீனா?"

"நீ வஞ்சிரம்டீ. பத்துக் கிலோ வஞ்சிரம்."

"பதி...மூணு," என்றாள் அவள். முந்தின வாரம்தான் எடை பார்த்திருந்தார்கள்.

மிஸ் சிரித்தார். நான் நோட்டுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அக்காவின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செதில் கீறிய தழும்பு, உப்பில் ஊறிச் சுருங்கிய நுனி, கட்டைவிரல் நகத்தில் ஒரு வெடிப்பு. அந்த முரட்டு விரல்கள் ஒரு நூலிழை தூரத்தைக் கண்டுபிடிக்கின்றன. ஒரு கருவியை எத்தனை முறை அளவு திருத்தினால் இந்தத் துல்லியம் வரும் என்று என் பரிசோதனைக்கூட மூளை கணக்குப் போட்டது. எனக்கு அந்த இடம் பிடிபட மூன்று வாரம் ஆயிற்று.

ஆனால் ஒரு விசித்திரம். மையத்தில் பலித்தது, சாயங்காலத்தில் பலித்தது, எட்டரை மணிக்கு மட்டும் பலிக்கவில்லை. மார்ச் முழுக்க ஒத்திகை பார்த்தோம். பத்து நாளில் இரண்டு நாள் ஸ்பிளிண்ட் உள்ளே போனால் அதிகம்.

எண்ணெயில்தான் கோளாறு என்று நான் முடிவு கட்டினேன். தேங்காயெண்ணெயை நிறுத்தி நல்லெண்ணெய்க்கு மாற்றினேன். அது ஏப்ரல் நடுவில்.

அடேயப்பா, என்ன மாற்றம்! முதல் நாளே அரை மணியில் ஒரு கால். நான்காம் நாள் இரண்டு கால். ஒரு வாரத்தில் அவள் சிரித்துக்கொண்டே காலை நீட்டினாள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. மையத்து அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் நீளமாக ஒரு செய்தி போட்டேன். 'எங்கள் அனுபவத்தில் நல்லெண்ணெய்தான் திறவுகோல்' என்று தொடங்கியதாக நினைவு. இப்போது படிக்கக் கூசுகிறது. வியாசர்பாடி அம்மா ஒருவர் குரல் செய்தி அனுப்பினார்: "தங்கச்சி, எந்தக் கட எண்ண? செக்குதா, பாக்கெட்டா? கொஞ்சம் சொல்லு கண்ணு." மிஸ் மட்டும், 'சந்தோஷம். எண்ணெய்தான் காரணம்னு தோணல, பார்ப்போம்' என்று எழுதியிருந்தார். அதில் முதல் வார்த்தையை மட்டும் நான் படித்தேன்.

ஏப்ரல் நடுவில் இங்கே வேறென்ன நடக்கும் என்பது கரையோரத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் இரண்டு மாதம் கடலுக்குப் போகக் கூடாது. படகெல்லாம் துறைமுகத்தில் தோளோடு தோள் உரசி நிற்கும். மாமா வீட்டில் இருந்தார். அக்கா விடியுமுன் எழ வேண்டாம். வீட்டு வாசலில் கருவாடு விற்றாள். காலையில் சாவகாசமாக ஒரு கண்ணாடி டம்ளர் டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்து குடிப்பாள். அப்புறம்தான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுப்பாள்.

ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை. பரிசோதனைக் கூடத்தில் எங்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம் அது. எங்கள் வீட்டில் ஒரே வாரத்தில் நான்கு விஷயங்கள் மாறியிருந்தன. நான் எண்ணெயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாள் நான் விடுப்பு எடுத்தேன். மாமா அவளைத் தூக்கிக்கொண்டு போனார். வெள்ளை ஸ்பிளிண்ட் இரண்டும் அவர் இடுப்பின் இரு பக்கமும் தொங்கின. நாற்காலியில் உட்காரவைத்து, பட்டியை மாட்டி, நாங்கள் வாசலில் நின்றோம். அவள் எங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஒரு மணிக்கு வந்து முதல் தகவல் சொன்னாள்.

"பக்கத்துல ஒருத்தி... மூக்கு... நோண்டுறா."

"நீ இன்னா பண்ண?"

"பாத்தேன்," என்றாள், பெரிய மனுஷி மாதிரி.

இரண்டாம் நாள் அந்த மூக்கு நோண்டுகிறவள் தன் பென்சிலைக் கொடுத்தாளாம். ஐந்தாம் நாள் டீச்சர் வருகைப் பதிவு எடுக்கும்போது அவள் 'உள்ளேன்' சொல்லும்வரை வகுப்பே காத்திருந்ததாம். அந்த ஒரு வார்த்தைக்காக வீட்டில் அவள் நாள் முழுக்கப் பயிற்சி எடுத்தாள். உள்... ளேன். உள்ளேன். மாமா வேண்டுமென்றே பத்து முறை பெயரைக் கூப்பிடுவார், பத்து முறையும் பதில் வரும்.

ஜூன் நடுவில் தடைக்காலம் முடிந்தது. படகுகளுக்குப் பூப்போட்டு, கற்பூரம் காட்டி, ஜெபம் சொல்லி அனுப்பினார்கள். மாமா கடலுக்குப் போனார். அக்கா காசிமேட்டுக்குப் போனாள்.

படகுகள் முதல் மீனோடு திரும்பிய அன்றே ஸ்பிளிண்ட் உள்ளே போகவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் அழுத்திப் போட்டதில் குதிகால் மேலேயே நின்று, தோல் உரிந்தது. வேலையிலிருந்து திரும்பி வந்த நான் சிவந்த அந்தத் தோலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கடலு தொறந்துச்சு, காலு மூடிக்கிச்சு," என்றாள் அக்கா. சிரிக்கத்தான் சொன்னாள், சிரிப்பு வரவில்லை.

நான்கு நாள் பள்ளிக்கூடம் இல்லை. எண்ணெய் கெட்டுவிட்டதோ என்று புது பாட்டில் வாங்கினேன். அப்பா இல்லாத ஏக்கமோ என்று படகு கரையோரமாக வந்து சிக்னல் கிடைக்கும் நேரம் பார்த்து மாமாவைப் பேசவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா வருவதற்குள் நானே செய்து பார்த்தேன். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஸ்பிளிண்ட் இரண்டும் இறங்கின. அக்கா கூடையோடு வந்து வாசலில் நின்று பார்த்தாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"உன் கைக்கு வருது. என் கைக்கு வரல."

"அப்படி இல்லக்கா..."

"இன்னா இல்ல? எம் மேல மீன் நாத்தம்டீ. ரெண்டு மாசம் நாத்தம் இல்ல, புள்ள காலு குடுத்துச்சு. இப்ப கலீஜா வந்து தொடறேன், அது காலு இஸ்துக்குது. பள்ளிக்கூடத்துல கொயந்தைங்க பக்கத்துல குந்துது, அதுக்கும் புத்தி வந்துடுச்சு."

"இல்...ல," என்றாள் மகள். அக்கா கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை டீச்சரிடமிருந்து குரல் செய்தி. அதட்டல் இல்லை, விசாரிப்புதான்: "ஏம்மா வரல? பிள்ளைங்க கேக்குதுங்க. உடம்பு சரியில்லையா?" அக்கா அதை இரண்டு முறை கேட்டாள். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த வருசம் பாத்துக்கலாம். இன்னா அவசரம்," என்றாள்.

"நான்... போவேன்," என்று பாயிலிருந்து வந்தது. கொஞ்சம் பொறுத்து, "உள்ளேன்... சொல்லணும்."

மறுநாள் நான் கம்பெனிக்கு வயிற்றுவலி என்று பொய் சொன்னேன். நோட்டுப் புத்தகத்தோடு மூலையில் உட்கார்ந்தேன். எதிலும் கை வைப்பதில்லை, பார்ப்பது மட்டும் என்று தீர்மானம்.

எட்டு முப்பத்திரண்டு. அக்கா வந்தாள். நேராகப் பின்கட்டுத் தண்ணீர் டிரம். எலுமிச்சைத் தோலை வைத்து முழங்கை வரை தேய்த்தாள். கழுவினாள். முகர்ந்தாள். மறுபடி சோப்பு. மறுபடி தண்ணீர். மறுபடி முகர்ந்தாள். மூன்றாம் முறை. மகளுக்காக அவள் இவ்வளவு மெனக்கெடுகிறாள் என்று எனக்குத் தெரியாது. நான்தான் ஆறே முக்காலுக்கே ஓடிவிடுகிறேனே. துடைத்துக்கொண்டு வந்தாள், எண்ணெயை எடுத்தாள், பாதத்தைப் பிடித்தாள்.

இரண்டு கால்களும் குச்சியாக நீண்டன. கத்தரிக்கோல் மூடியது. விரல்கள் மடங்கின.

"கை இன்னும் கொஞ்சம் கீழ இருக்கணும்க்கா," என்று தீர்மானத்தை மறந்து நான் குறுக்கே குனிந்தேன்.

"ஏய், தள்ளு! பீட்டரு உட்டுகினு இங்க வந்து..." என்று என் பிடரியில் கை வைத்துத் தள்ளினாள்.

என் தோள் இரண்டும் காதுவரை ஏறின. கழுத்து உள்ளே போயிற்று. முதுகு விறைத்தது. நான் செய்யவில்லை, தானாக நடந்தது. அப்படி ஒரு குளிர்ச்சி அந்தக் கையில்.

"அக்கா, மறுபடி வை."

"இன்னாது?"

"என் கழுத்துல. மறுபடி கைய வை."

"பைத்தியமாடி உனக்கு? மணி எட்டே முக்காலு."

வைத்தாள். மறுபடி தோள் ஏறியது. பாயில் கிடந்தவள் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். சித்திக்கும் அதே மாதிரி ஆகிறதே என்று அவளுக்கு ஒரே குஷி. நான் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துப் பார்த்தேன். நான்கு மணி நேரம் உடைத்த ஐஸை அள்ளி அள்ளி அடுக்கிய கைகள். அதன்மேல் மூன்று முறை டிரம் தண்ணீர். நாற்றம் போக வேண்டும் என்று அவள் கழுவக் கழுவ அவை இன்னும் குளிர்ந்துகொண்டிருந்தன. அவளுக்கு அது தெரியவே இல்லை. இத்தனை வருடத்தில் அந்தக் குளிர் அவள் கைக்குப் பழகிப்போயிருந்தது.

மிஸ் உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டது அந்த நிமிடம் எனக்குக் கண்ணில் தெரிந்தது. படம் போட்டேன், அம்பு போட்டேன். அதை மட்டும் எழுதவில்லை.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் போக முடியவில்லை. ஆனால் ஸ்பிளிண்ட் போட்டோம். நான் ஓடிப்போய் முனைக் கடையில் டீ வாங்கிவந்து கண்ணாடி டம்ளரில் ஊற்றி அவள் கையில் கொடுத்தேன். குடிக்காதே, சும்மா பிடித்துக்கொள் என்றேன்.

"டீய வாங்கிக் குடுத்துட்டு குடிக்காதன்றியே, நீ மனுசியாடி?"

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை அவள் மணிக்கட்டில் சுற்றினேன். என் பிடரிதான் அளவுகோல். மூன்று முறை சோதித்தோம். நான்காம் முறை தோள் அசையவில்லை. பிறகு அவள் மகளின் பாதத்தை ஏந்தினாள். கால் ஒரு கணம் யோசித்தது. நண்டு கவ்வும் இடத்துக்கு ஒரு நூல் முன்னால் அக்காவின் விரல் நின்றது. சுண்டுவிரல் விரிந்தது.

"அம்மா... மீன் வாசன," என்றாள் மகள், கண்ணை மூடிக்கொண்டு, தூங்கப்போகிறவள் மாதிரி.

அக்கா சட்டென்று கையை எடுக்கப் பார்த்தாள். மகள் தன் கையால், அவளுக்கு நன்றாக வருகிற இடது கையால், அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். டொக்.

அதற்கப்புறம் எல்லாம் சுபம் என்று எழுத ஆசைதான். புதன்கிழமை ஒரு கால்தான் போனது. வியாழக்கிழமை ஷேர் ஆட்டோ கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டி அக்கா வரும்போதே ஒன்பது. வெள்ளிக்கிழமை ஒன்பது பத்துக்கு, மாமா இல்லாததால் அக்காவே இடுப்பில் சுமந்துகொண்டு பள்ளிக்கூட வாசலில் போய் நின்றாள். டீச்சர் வருகைப் பதிவை மூடிவைத்திருந்தாராம். திறந்து, பெயரைக் கூப்பிட்டாராம். வகுப்பு காத்திருந்ததாம். "உள்ளேன்னு ஒரே அடியில சொல்லிச்சுடீ," என்று அக்கா போனில் கத்தியதில், பரிசோதனைக் கூடத்தில் என் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

சனிக்கிழமை மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"என் தப்பும்மா. தேய்ச்சுக்கிட்டுத் தொடறது எனக்குப் பழக்கம், அதனால சொல்லணும்னே தோணல. நீங்க காலைல என்ன வேலை பண்றீங்கன்னும் நான் கேக்கல. மீன் வேலைன்னு தெரியும், ஐஸ் எனக்குத் தோணவே இல்ல." பிறகு அக்காவைப் பார்த்து, "கவனிங்க, தினமும் இப்படியே வேலை செய்யும்னு சொல்ல மாட்டேன். காய்ச்சல், தூக்கம், பயம், எல்லாம் இறுக்கத்தக் கூட்டும். ஆனா கை சூடு நம்ம கையில இருக்கு," என்றார்.

அன்று மாலையே குழுவில் என் நல்லெண்ணெய்ச் செய்திக்குக் கீழே மன்னிப்பு எழுதினேன். எண்ணெய் இல்லை, கைதான். தொடுமுன் உங்கள் கழுத்தில் வைத்துப் பாருங்கள் என்று. வியாசர்பாடி அம்மா உடனே பதில் அனுப்பினார்: "அப்ப ரெண்டு லிட்டர் எண்ணைய இன்னா பண்றது? நீயே வந்து முறுக்கு சுட்டுக் குடு." அதற்குக் கீழே இன்னொரு அம்மா, துணி துவைத்துவிட்டு நேராக வந்து பிள்ளையைத் தொடுகிறவர், 'நானும்தான்' என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தார்.

இப்போது செப்டம்பர் முடியப்போகிறது. கண்ணாடி டம்ளர் டீயும் ஈரத் துண்டும் இதுவரை காப்பாற்றின. நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு. பள்ளிக்கூடம் போகாத நாட்கள் குறைந்துகொண்டு வருகின்றன. ஆனால் மழைக்காலம் வருகிறது. போன வருடம் நவம்பரில் அவள் கால்கள் எப்படி இருந்தன என்று எனக்கு நினைவிருக்கிறது. ஈரக் காற்றடித்தாலே முழு உடம்பும் இறுகும். அக்காவின் கையை மட்டும் சூடாக்கினால் போதாது.

சூடான தண்ணீரில் கால்களை வைத்திருந்தால் தளரும் என்று மிஸ் சொல்வார். மையத்தில் அதற்குத் தொட்டி கிடையாது. எங்கள் வீட்டுப் பக்கெட்டில் ஐந்து நிமிடத்தில் ஆறிவிடுகிறது. போன மாதம் காசிமேட்டுக்கு அக்காவின் சாப்பாட்டுப் பையைக் கொண்டுபோனபோது, கரையில் அடுக்கியிருந்த பெரிய ஐஸ் பெட்டிகளைப் பார்த்தேன். இரண்டு சுவருக்கு நடுவில் பஞ்சு மாதிரி அடைத்த தடித்த நீலப் பெட்டி. வெளிச் சூடு உள்ளே போகாமல் ஐஸைக் காக்கிறது. உள்ளே இருக்கும் சூட்டையும் வெளியே விடாதுதானே!

அங்கேயே சொன்னேன். அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"எம் பொண்ண ஐஸ் பெட்டில குந்தவைக்கப் போறியா?"

பக்கத்தில் நெத்திலி பிரித்துக்கொண்டிருந்த பெண் சொன்னாள்: "வையி வையி. அதான் வஞ்சிரம்னு சொல்லிகினு திரியறியே."

மிஸ்ஸிடம் கேட்டாயிற்று. மீன் படாத புதுப் பெட்டி, இடுப்பளவு தண்ணீர், சூட்டை முழங்கையால் பார்ப்பது, எப்போதும் ஒருவர் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்வது, பத்தே நிமிடம், முதல் முறை தானும் கூட இருப்பது என்று நிபந்தனைகள் போட்டுச் சம்மதித்திருக்கிறார். மாமா போன முறை கரை வந்தபோது ஒரு பெட்டி சொல்லிவைத்து, நேற்று அது வந்துவிட்டது. குறுகிய சந்தில் திருப்பவே முடியாமல் நானும் எதிர் வீட்டு அக்காவும் தூக்கிக்கொண்டு வந்தோம். இப்போது வாசலில் கவிழ்த்து வைத்திருக்கிறது. கூர்மையான விளிம்புகளைத் துணி சுற்றி நானே தைத்திருக்கிறேன். நேற்று வெந்நீர் மட்டும் ஊற்றிச் சோதித்தேன்: அரை மணி நேரத்துக்குப் பிறகும் முழங்கைக்கு இதமாகவே இருந்தது. இந்த முறை ஒன்றை மட்டும்தான் மாற்றுகிறேன். டீ அப்படியே, துண்டு அப்படியே, எண்ணெய்கூட அதே நல்லெண்ணெய், பாட்டில் மீதி இருக்கிறதே.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து பத்து மணிக்கு மிஸ் வருகிறார். பின்னால் உட்கார்ந்து பிடிப்பது யார் என்று எனக்கும் அக்காவுக்கும் இன்னும் சண்டை ஓயவில்லை. பெட்டிக்குள் போகவேண்டியவளிடம் கேட்டோம். அவள் கொஞ்ச நேரம் எங்கள் இருவர் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சித்தி... தண்ணி ஊத்து."